'எந்த மாத்திரைக்கும் கேட்க மாட்டேங்குது'... பாக்டீரியாவுக்குள் நடக்கும் 'கட் அண்ட் பேஸ்ட்' வேலை! டிரான்ஸ்போசேஸ் என்றால் என்ன?

கறம்பக்குடி, ஆலங்குடி, பட்டுக்கோட்டை... ஊர் எதுவானாலும் பேருந்து நிலையம் பக்கத்தில் ஒரு மெடிக்கல் இருக்கும். அங்கே கொஞ்ச நேரம் நின்றால் இந்த வசனம் காதில் விழும்.

"அண்ணே, ரெண்டு நாளா காய்ச்சல், தொண்டை வலி. ஒரு செட்டு மாத்திரை குடுங்க. போன தடவை குடுத்தது கேட்கல. கொஞ்சம் பவரா குடுங்க."

மாத்திரை கேட்கவில்லை என்றால் நம்ம வீடுகளில் சொல்லும் காரணம் ஒன்றுதான். "உடம்புக்கு மருந்து பழகிடுச்சு."

ஆன்டிபயாட்டிக் விஷயத்தில் இது தவறான புரிதல். பழகுவது நம் உடம்பு இல்லை, கிருமி. அதுவும் எல்லா நேரமும் மெதுவாகப் பழகிக்கொண்டிருப்பதில்லை. மருந்தை உடைக்கத் தெரிந்த ஜீனை இன்னொரு கிருமியிடமிருந்து ரெடிமேடாக வாங்கிக்கொள்கிறது. அந்த ஜீனை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு நகர்த்தும் புரதத்தின் பெயர்தான் டிரான்ஸ்போசேஸ்.

இந்தப் புரதம் எப்படி வேலை செய்கிறது? லட்சக்கணக்கான டிஎன்ஏ எழுத்துகளுக்கு நடுவில் தனக்குத் தேவையான இடத்தை எப்படிக் கண்டுபிடிக்கிறது? சென்னை ஆய்வகம் ஒன்றில் ஆய்வு செய்யப்பட்ட ஜீன் ஆர்க்டிக் மண்ணில் இருப்பதற்கும் இதற்கும் என்ன சம்பந்தம்? விரிவாகப் பார்க்கலாம்.

சென்னை ஆய்வில் சிக்கிய என்டிஎம்-1

2008 ஜனவரியில் ஸ்வீடனில் சிகிச்சை பெற்றுவந்த இந்திய வம்சாவளி நோயாளி ஒருவரிடம் கிளெப்சியெல்லா நிமோனியே என்ற பாக்டீரியா கண்டுபிடிக்கப்பட்டது. அவர் அதற்கு முன் டெல்லியில் மருத்துவமனையில் இருந்தவர். அந்த பாக்டீரியா கார்பபெனம் வகை மருந்துகளுக்கே அசரவில்லை. கார்பபெனம் என்பது மெரோபெனம், இமிபெனம் போன்ற ஊசி மருந்துகள். மற்ற மருந்துகள் கைவிட்ட பிறகு ஐசியூவில் எடுக்கப்படுபவை இவை.

அந்த மருந்தை உடைத்த நொதிக்கு 'நியூ டெல்லி மெட்டலோ பீட்டா லாக்டமேஸ்' என்று பெயர் வைத்தார்கள். சுருக்கமாக என்டிஎம்-1. துத்தநாகத்தின் உதவியோடு மருந்தின் முக்கியமான வளையத்தை இது உடைத்துவிடும். வளையம் உடைந்தால் மருந்து வெறும் தண்ணீர் மாதிரிதான்.

அடுத்து 2010 ஆகஸ்ட். 'தி லான்செட் இன்ஃபெக்சியஸ் டிசீசஸ்' இதழில் ஒரு ஆய்வுக் கட்டுரை வெளியாகி உலகம் முழுக்கத் தலைப்புச் செய்தியானது. அதன் முதல் ஆசிரியர் கார்த்திகேயன் குமாரசாமி. சென்னைப் பல்கலைக்கழகத்தின் டாக்டர் ஏ.எல்.எம். முதுநிலை அடிப்படை மருத்துவ அறிவியல் நிறுவனத்தைச் சேர்ந்தவர். என்டிஎம்-1 இருக்கும் பாக்டீரியா சென்னையில் 44, ஹரியானாவில் 26, பிரிட்டனில் 37, இந்தியா மற்றும் பாகிஸ்தானின் மற்ற இடங்களில் 73 என்று அந்த ஆய்வு பட்டியலிட்டது.

இதில் எண்ணிக்கையை விட முக்கியமான விஷயம் ஒன்று இருந்தது. பொதுவாக நோய் பரவுகிறது என்றால் ஒரே கிருமி பல பேருக்குப் பரவுகிறது என்று அர்த்தம். இங்கே அப்படி இல்லை. ஈ.கோலை, கிளெப்சியெல்லா என்று வேறு வேறு பாக்டீரியாக்களில் ஒரே ஜீன் இருந்தது. அதாவது கிருமி மட்டும் ஊர் ஊராகப் பயணிக்கவில்லை. ஜீனும் கிருமி விட்டுக் கிருமி பயணித்தது.

ஜீன் எப்படி இடம் மாறும்? மக்காச்சோளம் சொன்ன பதில்

ஜீன் என்பது டிஎன்ஏவில் ஒரே இடத்தில் உட்கார்ந்திருக்கும் என்றுதான் ஒரு காலத்தில் விஞ்ஞானிகள் நினைத்தார்கள். அதை மாற்றியவர் அமெரிக்க விஞ்ஞானி பார்பரா மெக்ளின்டாக்.

1940களில் நியூயார்க் மாநிலத்தின் கோல்டு ஸ்பிரிங் ஹார்பர் ஆய்வகத்தில் அவர் மக்காச்சோளத்தை ஆராய்ந்துகொண்டிருந்தார். ஒரே கதிரில் சில முத்துகள் புள்ளி புள்ளியாக, நிறம் கலந்து இருப்பதைப் பார்த்தார். நிறம் தரும் ஜீனுக்குள் வேறொரு டிஎன்ஏ துண்டு போய் உட்கார்ந்தால் நிறம் போய்விடும். அது அங்கிருந்து கிளம்பினால் நிறம் திரும்பிவிடும். முத்து வளரும்போதே இது நடப்பதால்தான் அந்தப் புள்ளிகள்.

1950இல் அவர் இதை எழுதியபோது பெரிதாக யாரும் கண்டுகொள்ளவில்லை. பிறகு பாக்டீரியாவிலும் இதே மாதிரித் தாவும் துண்டுகள் இருப்பது தெரிந்தது. 1983இல் மருத்துவத்துக்கான நோபல் பரிசு அவருக்கு மட்டுமே தனியாக வழங்கப்பட்டது. அப்போது அவருக்கு வயது 81.

இந்தத் தாவும் துண்டுகளுக்குப் பெயர் டிரான்ஸ்போசான். அதை வெட்டி எடுத்து வேறு இடத்தில் ஒட்டும் புரதம் டிரான்ஸ்போசேஸ். கம்ப்யூட்டரில் 'கட் அண்ட் பேஸ்ட்' செய்கிறோமே, கிட்டத்தட்ட அதே வேலை. சில வகைகள் வெட்டாமல் நகல் எடுத்து ஒட்டும். அது 'காப்பி பேஸ்ட்'.

எங்கே வெட்டணும்னு அதுக்கு எப்படித் தெரியும்?

இதுதான் உண்மையான கேள்வி. டிஎன்ஏ என்பது ஏ, டி, ஜி, சி என்ற 4 எழுத்துகளால் எழுதப்பட்ட நீளமான வரி. ஆய்வகங்களில் அதிகம் பயன்படும் ஈ.கோலை வகையில் சுமார் 46 லட்சம் எழுத்து ஜோடிகள் இருக்கின்றன. அதற்குள் டிரான்ஸ்போசேஸ் தேடுவது மிகச் சின்ன அடையாளத்தை.

எடுத்துக்காட்டாக ஐஎஸ்26 என்ற தாவும் துண்டு. மொத்த நீளமே 820 எழுத்துகள். அதன் இரண்டு முனையிலும் 14 எழுத்துகள் கொண்ட ஓர் அடையாளம் இருக்கிறது. டிஎன்5 என்ற இன்னொன்றுக்கு முனை அடையாளம் 19 எழுத்துகள்.

இந்த இரண்டு முனை அடையாளங்களுக்கும் ஒரு விசேஷம் உண்டு. 'விகடகவி' என்ற சொல்லை எந்தப் பக்கம் இருந்து படித்தாலும் விகடகவிதான். தமிழ்ச் செய்யுளில் இதற்கு மாலைமாற்று என்றே பெயர் உண்டு. டிஎன்ஏ முனைகளும் ஏறக்குறைய அப்படித்தான். டிஎன்ஏவில் இரண்டு இழைகள் எதிரெதிர்த் திசையில் ஓடுகின்றன. இடது முனையிலிருந்து ஓர் இழையை உள்நோக்கிப் படித்தாலும், வலது முனையிலிருந்து மற்ற இழையை உள்நோக்கிப் படித்தாலும் அதே எழுத்து வரிசை வரும். சில துண்டுகளில் ஒன்றிரண்டு எழுத்துகள் மாறியிருக்கலாம். ஆனாலும் டிரான்ஸ்போசேஸுக்கு இரண்டும் ஒரே கைப்பிடி மாதிரிதான்.

சரி, அதை எப்படிப் படிக்கிறது? இங்கே கண்ணும் இல்லை, மூளையும் இல்லை. எல்லாமே வடிவமும் வேதியியலும்தான்.

டிஎன்ஏவை முறுக்கிவிட்ட ஏணி என்று வைத்துக்கொள்ளுங்கள். முறுக்கியதால் அதன் பக்கவாட்டில் இரண்டு பள்ளங்கள் ஓடும். ஒன்று அகலம், இன்னொன்று குறுகல். ஏணியைப் பிரிக்காமலேயே ஒவ்வொரு எழுத்து ஜோடியின் ஓரமும் அந்தப் பள்ளத்தில் தெரியும். எந்த எழுத்து என்பதைப் பொறுத்து அந்த ஓரத்தில் இருக்கும் அணுக்களும் மாறும்.

டிரான்ஸ்போசேஸின் ஒரு பகுதி அந்தப் பள்ளத்துக்குள் சரியாக உட்காரும் வடிவத்தில் இருக்கிறது. சரியான எழுத்துகள் இருந்தால் புரதத்துக்கும் டிஎன்ஏவுக்கும் நடுவில் நிறைய சின்னச் சின்னப் பிணைப்புகள் உருவாகும், புரதம் இறுக்கமாகப் பிடித்துக்கொள்ளும். எழுத்து தப்பாக இருந்தால் பிடி கிடைக்காது, நழுவிவிடும். கரண்ட் போன நேரத்தில் சாவிக்கொத்தில் வீட்டுச் சாவியை விரலால் தடவியே எடுப்போமே, அது மாதிரி.

லட்சக்கணக்கான எழுத்துகளை முழுவதும் தேடி அலைய வேண்டிய கட்டாயமும் அதற்குக் குறைவு. பாக்டீரியாவில் ஜீனைப் படிக்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே புரதம் தயாராகும். டிரான்ஸ்போசேஸை உருவாக்கும் ஜீன் அந்தத் தாவும் துண்டுக்குள்ளேயே இருக்கிறது. அதனால் டிஎன்5 போன்ற பல வகைகளில், பிறந்த இடத்துக்குப் பக்கத்தில் இருக்கும் முனைகளையே அது முதலில் பிடித்துக்கொள்கிறது.

பிடித்தவுடன் வெட்டாது... லாக்கர் மாதிரி ரெண்டு சாவி வேணும்

முனையைப் பிடித்த உடனே வெட்ட ஆரம்பித்தால் ஆபத்து. ஒரு பக்கம் மட்டும் வெட்டுப்பட்டால் டிஎன்ஏ துண்டாகிக் கிடக்கும். பாக்டீரியா செத்தால் உள்ளே இருக்கும் தாவும் துண்டுக்கும் அதே கதிதான்.

அதற்கு இயற்கையிலேயே ஒரு பாதுகாப்பு ஏற்பாடு இருக்கிறது. 2000ஆம் ஆண்டு அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழக விஞ்ஞானிகள் டிஎன்5 டிரான்ஸ்போசேஸ், டிஎன்ஏவைப் பிடித்திருக்கும் நிலையில் அதன் முப்பரிமாண அமைப்பை 'சயின்ஸ்' இதழில் வெளியிட்டார்கள். அதில் தெரிந்தது இதுதான்.

ஒரு டிரான்ஸ்போசேஸ் இடது முனையைப் பிடிக்கிறது. இன்னொன்று வலது முனையைப் பிடிக்கிறது. பிறகு இரண்டும் ஒன்றோடொன்று சேருகின்றன. நடுவில் இருக்கும் டிஎன்ஏ வளைந்து ஒரு கண்ணி மாதிரி ஆகிவிடும். அதன் பிறகுதான் வெட்டு. இடது முனையைப் பிடித்திருக்கும் புரதம் வெட்டுவது வலது முனையை. வலது முனையைப் பிடித்திருப்பது வெட்டுவது இடது முனையை.

வங்கி லாக்கரில் வங்கியின் சாவியும் நம்ம சாவியும் சேர்ந்தால்தானே திறக்கும்? அதே கணக்குதான். இரண்டு முனையும் கையில் இருக்கிறது என்று உறுதியான பிறகே கத்தி வேலை செய்யும்.

கத்தி எது? புரதத்துக்குள் இரண்டு அஸ்பார்டிக் அமிலம், ஒரு குளுட்டாமிக் அமிலம் என மூன்று அமினோ அமிலங்கள் அருகருகே நிற்கின்றன. அவை மக்னீசியம் போன்ற உலோக அயனிகளைப் பிடித்து வைத்துக்கொண்டு டிஎன்ஏவின் முதுகெலும்பை அறுக்கின்றன. இந்த மூன்றின் கூட்டணி மக்காச்சோளத்திலிருந்து பாக்டீரியா வரை ஏராளமான டிரான்ஸ்போசேஸ்களில் இருக்கிறது.

வெட்டிய துண்டைப் புதிய இடத்தில் ஒட்டும்போது ஒரு தடயமும் விழும். புதிய இடத்தின் இரண்டு இழைகளும் நேருக்கு நேர் வெட்டப்படாமல் சில எழுத்துகள் தள்ளி வெட்டப்படுகின்றன. அந்த இடைவெளியை பாக்டீரியா நிரப்பும்போது அந்தச் சில எழுத்துகள் இரண்டு முறை வந்துவிடும். டிஎன்5 என்றால் 9 எழுத்துகள், ஐஎஸ்26 என்றால் 8 எழுத்துகள். காயத்தில் தையல் போட்ட தழும்பு மாதிரி. ஒரு ஜீன் எங்கிருந்து எப்படி வந்தது என்று விஞ்ஞானிகள் துப்பறிய இந்தத் தழும்பும் உதவுகிறது.

இன்னொரு விஷயம். இயற்கையில் டிஎன்5 டிரான்ஸ்போசேஸ் வேகம் குறைந்த ஆள். அடிக்கடி வெட்டினால் குடியிருக்கும் வீடே இடிந்துவிடும் இல்லையா? விஞ்ஞானிகள் அதன் அமைப்பையும் முனை எழுத்துகளையும் கொஞ்சம் மாற்றி வேகமானதாக ஆக்கியிருக்கிறார்கள். இன்று டிஎன்ஏவைப் படிக்கும் ஆய்வகங்களில் அதுவே ஒரு சாதாரண கருவி. ஆக, இந்தப் புரதம் வில்லன் என்று சொல்லிவிட முடியாது.

நடுவுல என்ன இருக்குன்னு அது பார்க்காது

பிரச்னை ஆரம்பிப்பது இங்கேதான். டிரான்ஸ்போசேஸ் பார்ப்பது முனைகளை மட்டுமே. நடுவில் என்ன இருக்கிறது என்பது அதற்குத் தேவையே இல்லை.

ஒரு ஜீனின் இடது பக்கம் ஒரு தாவும் துண்டு, வலது பக்கம் அதே மாதிரி இன்னொரு தாவும் துண்டு வந்து உட்கார்ந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். இப்போது டிரான்ஸ்போசேஸ் இரண்டு துண்டுகளின் வெளிப்பக்க முனைகளைப் பிடித்தால் என்ன ஆகும்? நடுவில் இருக்கும் ஜீனும் சேர்ந்து பார்சல் ஆகிவிடும்.

என்டிஎம்-1 ஜீனுக்கு நடந்தது இதுதான். அசினெட்டோபேக்டர் என்ற பாக்டீரியாவில் இந்த ஜீனின் இரண்டு பக்கமும் ஐஎஸ்ஏபிஏ125 என்ற தாவும் துண்டு இருக்கிறது. இந்த முழு பார்சலுக்கு டிஎன்125 என்று பெயர்.

இதோடு முடியவில்லை. ஒரு ஜீன் வேலை செய்ய வேண்டும் என்றால் அதற்கு முன்னால் 'ஆன்' செய்யும் சுவிட்ச் ஒன்று வேண்டும். என்டிஎம்-1 ஜீனின் சுவிட்சில் ஒரு பகுதி ஐஎஸ்ஏபிஏ125 துண்டின் ஓரத்திலேயே இருக்கிறது. சுமந்து வந்த வண்டியே சுவிட்சையும் கொண்டுவந்து கொடுத்துவிட்டது.

ஈ.கோலை, கிளெப்சியெல்லாவில் கிடைக்கும் என்டிஎம்-1 ஜீனுக்கு முன்னாலும் ஐஎஸ்ஏபிஏ125 துண்டு முழுசாகவோ உடைந்தோ ஒட்டிக்கொண்டிருக்கிறது. இந்த ஜீன் அசினெட்டோபேக்டர் வழியாக வந்திருக்க வேண்டும் என்று விஞ்ஞானிகள் சொல்வதற்கு அதுவே முக்கியமான சான்று.

அடுத்த கட்டம் பிளாஸ்மிட். பாக்டீரியாவின் முக்கிய டிஎன்ஏவைத் தவிர உள்ளே தனியாக மிதக்கும் சின்ன வளைய டிஎன்ஏதான் பிளாஸ்மிட். டிரான்ஸ்போசேஸ் ஒரு ஜீனைக் கொண்டுபோய் பிளாஸ்மிட்டில் ஒட்டிவிட்டால் கதை வேறு. பல பிளாஸ்மிட்கள் ஒரு பாக்டீரியாவிலிருந்து பக்கத்து பாக்டீரியாவுக்கு நேரடியாகப் போகக்கூடியவை. 2010 ஆய்வில் சென்னை மற்றும் பிரிட்டன் மாதிரிகளில் இருந்த பிளாஸ்மிட்கள் எளிதாக மற்ற பாக்டீரியாவுக்கு மாறின என்பதுதான் ஆய்வாளர்களைக் கவலைப்பட வைத்தது.

அதாவது, ஜீன் பிளாஸ்மிட்டில் ஏறுகிறது, பிளாஸ்மிட் கிருமியில் ஏறுகிறது, கிருமி மனிதனில் ஏறுகிறது, மனிதன் விமானத்தில் ஏறுகிறான்.

கோலிஸ்டினுக்கும் இதே கதை

கார்பபெனமும் கைவிட்டால் டாக்டர்கள் எடுக்கும் பழைய மருந்து கோலிஸ்டின். 2015 நவம்பரில் சீனாவிலிருந்து ஒரு செய்தி வந்தது. கோலிஸ்டினைத் தாங்கும் எம்சிஆர்-1 என்ற ஜீன் பன்றிகள், இறைச்சி, நோயாளிகள் என்று மூன்று இடத்திலும் கிடைத்தது. அதுவும் பிளாஸ்மிட்டில்.

அதை நகர்த்தியது ஐஎஸ்ஏபிஎல்1 என்ற தாவும் துண்டு. என்டிஎம்-1ஐச் சுமந்த ஐஎஸ்ஏபிஏ125உம் இதுவும் ஐஎஸ்30 என்ற ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. ஜீன் வேறு, மருந்து வேறு, நாடு வேறு. தூக்கிச் சுமக்கும் முறை ஒன்றே.

2019 ஜூலையில் மத்திய சுகாதார அமைச்சகம் கோழி, மீன் வளர்ப்பு உள்ளிட்ட உணவுக்கான கால்நடைகளுக்கும் தீவனத்திலும் கோலிஸ்டின் பயன்படுத்தத் தடை விதித்தது. நாமக்கல் மாதிரியான கோழிப்பண்ணைப் பகுதிகளுக்கு இது நேரடியாகப் பொருந்தும் உத்தரவு.

எங்கெல்லாம் போயிருக்கு தெரியுமா?

2011இல் வெளியான ஓர் ஆய்வில் டெல்லியில் எடுக்கப்பட்ட 50 குடிநீர் மாதிரிகளில் 2இல் என்டிஎம்-1 ஜீன் இருந்தது. தெருவில் தேங்கிய, கசிந்த நீர் மாதிரிகள் 171இல் 51இல் இருந்தது.

2016 செப்டம்பரில் அமெரிக்காவின் நெவாடா மாநிலத்தில் 70 வயதைக் கடந்த பெண் ஒருவர் இறந்தார். அதற்கு முன் இந்தியாவில் தொடை எலும்பு முறிவுக்காகச் சிகிச்சை எடுத்தவர். அவரிடம் இருந்த கிளெப்சியெல்லாவில் என்டிஎம் இருந்தது. அமெரிக்காவில் சோதித்துப் பார்த்த 26 ஆன்டிபயாட்டிக்கில் ஒன்றுகூட வேலை செய்யவில்லை.

2019இல் இன்னொரு அதிர்ச்சி. நார்வேக்குச் சொந்தமான ஆர்க்டிக் தீவுக் கூட்டம் ஸ்வால்பார்டின் மண்ணில் என்டிஎம்-1 ஜீன் இருப்பதை பிரிட்டனின் நியூகாசில் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் தலைமையிலான குழு அறிவித்தது. பறவைகள், விலங்குகள், மனிதர்களின் கழிவு வழியாகப் போயிருக்கலாம் என்பது அவர்களின் கணிப்பு.

இதற்கு நடுவில் பெயர்ச் சர்ச்சையும் நடந்தது. ஒரு கிருமியின் ஜீனுக்கு நம் தலைநகரின் பெயரா என்று இந்தியாவில் கடும் எதிர்ப்பு கிளம்பியது. மருத்துவச் சுற்றுலாவைக் கெடுக்கும் முயற்சி என்றும் குற்றச்சாட்டு வந்தது. 2011 ஜனவரியில் லான்செட் ஆசிரியர் ரிச்சர்ட் ஹார்ட்டன் அந்தப் பெயருக்காக மன்னிப்புக் கேட்டார். ஆனால் பெயர் மாறவில்லை. ஜீன் பரவுவதும் நிற்கவில்லை.

டிரான்ஸ்போசேஸையே மருந்தால தடுக்க முடியாதா?

நியாயமான கேள்வி. ஒரு வகையில் அதற்கு முன்னுதாரணமும் இருக்கிறது.

எச்ஐவி வைரஸ் தன் ஜீனை மனித டிஎன்ஏவுக்குள் ஒட்டப் பயன்படுத்தும் இன்டகிரேஸ் என்ற நொதி, டிரான்ஸ்போசேஸுக்கு உறவுமுறை. அதே மூன்று அமினோ அமிலக் கூட்டணி, அதே உலோக அயனிகள். இந்தியாவில் அரசு ஏஆர்டி மையங்களில் கொடுக்கப்படும் டோலுடெக்ராவிர் மாத்திரை அந்த ஒட்டும் வேலையைத்தான் தடுக்கிறது.

அப்போ பாக்டீரியாவிலும் அதையே செய்யலாமே? சிக்கல் மூன்று.

* எச்ஐவிக்கு ஒரே ஒரு இன்டகிரேஸ். பாக்டீரியாக்களில் தாவும் துண்டுகள் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. இயற்கையில் மிக அதிகமாகக் காணப்படும் ஜீன்கள் டிரான்ஸ்போசேஸ் ஜீன்கள்தான் என்று 2010இல் ஓர் ஆய்வு சொன்னது.
* எச்ஐவி பரவ இன்டகிரேஸ் கட்டாயம் வேண்டும். பாக்டீரியா உயிர் வாழ டிரான்ஸ்போசேஸ் தேவையில்லை. அதைத் தடுத்தாலும் கிருமி சாகாது.
* ஜீன் ஏற்கெனவே பிளாஸ்மிட்டில் ஏறிவிட்டது. இனி டிரான்ஸ்போசேஸ் ஓய்வெடுத்தாலும் பிளாஸ்மிட் தன் பாட்டுக்குப் போய்க்கொண்டிருக்கும்.

அதனால் கையில் இருக்கும் வழி ஒன்றுதான். நகர்ந்து வந்த ஜீனுக்கு வளரும் வாய்ப்பைக் கொடுக்காமல் இருப்பது.

தேவையில்லாத மாத்திரை என்ன செய்யும்?

நம் குடலில் கோடிக்கணக்கான பாக்டீரியாக்கள் இருக்கின்றன. அதில் ஒன்றிரண்டுக்கு மட்டும் மருந்தை உடைக்கும் ஜீன் கிடைத்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். சாதாரண நாளில் அது கூட்டத்தில் ஒன்று, அவ்வளவுதான். ஜீனைச் சுமப்பதே சில நேரம் அதற்குப் பாரம்.

வைரஸ் காய்ச்சலுக்கு ஆன்டிபயாட்டிக் போட்டால் என்ன ஆகும்? வைரஸுக்கு ஒன்றும் ஆகாது. குடலில் இருக்கும் சாதாரண பாக்டீரியாக்கள் சாகும். ஜீன் வைத்திருப்பது பிழைக்கும். போட்டிக்கு ஆள் இல்லாத இடத்தில் பெருகும். நல்ல சூழ்நிலையில் ஈ.கோலை 20 நிமிடத்தில் இரண்டாகும்.

வயலில் நெல்லை அழித்துவிட்டுக் களைக்கு மட்டும் தண்ணீர் பாய்ச்சுவது மாதிரிதான் இது. களை விதையை நாம் கொண்டுவரவில்லை. ஆனால் வளர்த்தது நாம்தான்.

2019இல் மட்டும் மருந்துக்கு அடங்காத பாக்டீரியாவால் நேரடியாக உலகம் முழுக்க சுமார் 12.7 லட்சம் பேர் இறந்ததாக லான்செட்டில் வெளியான மதிப்பீடு சொல்கிறது. அதே ஆண்டில் இந்தியாவுக்கான மதிப்பீடு சுமார் 2.97 லட்சம்.

சட்டம் என்ன சொல்லுது?

2012 ஆகஸ்டில் சென்னையில் நடந்த தொற்றுநோய் மருத்துவர்கள் மாநாட்டையொட்டி, டாக்டர் அப்துல் கஃபூர் ஒருங்கிணைத்த 'சென்னைப் பிரகடனம்' உருவானது. ஆன்டிபயாட்டிக் விற்பனைக்குக் கட்டுப்பாடு வேண்டும் என்று மருத்துவ அமைப்புகள் ஒரே குரலில் கேட்டன.

2014 மார்ச் 1 முதல் 'ஷெட்யூல் எச்1' அமலுக்கு வந்தது. முதலில் 46 மருந்துகள். கார்பபெனமும், கடைகளில் அதிகம் கேட்கப்படும் செஃபிக்சிமும் இதில் உண்டு. டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது. யார் எழுதினார், யாருக்கு, எவ்வளவு என்று தனிப் பதிவேட்டில் எழுதி 3 ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும்.

2016இல் 'சிவப்புக் கோடு' பிரசாரத்தை மத்திய அரசு தொடங்கியது. மாத்திரை அட்டையின் பின்னால் நெடுக சிவப்புக் கோடு இருந்தால் சீட்டு இல்லாமல் வாங்கக் கூடாது என்று அர்த்தம். கேரளாவில் 2024 ஜனவரியில் 'ஆபரேஷன் அம்ரித்' என்ற பெயரில் மெடிக்கல்களில் திடீர் சோதனைகள் தொடங்கின. 2025 நவம்பரில் மத்திய அரசு 2025-29க்கான இரண்டாவது தேசிய செயல் திட்டத்தை வெளியிட்டது.

சட்டம் இருக்கிறது. ஆனால் கவுன்ட்டருக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் இருப்பவர்கள் மாறாமல் அது வேலை செய்யாது. அதற்குக் காரணமும் இருக்கிறது. டாக்டரைப் பார்க்க வேண்டும் என்றால் ஒரு நாள் கூலி போகும், பஸ் செலவு, காத்திருப்பு. மெடிக்கலில் 5 நிமிடத்தில் வேலை முடிந்துவிடும். கூலி வேலைக்குப் போகிறவரை மட்டும் குறை சொல்வதில் அர்த்தம் இல்லை.

அப்போ நாம என்ன செய்யணும்?

* சளி, சாதாரண தொண்டை வலி, வைரஸ் காய்ச்சலுக்கு ஆன்டிபயாட்டிக் வேலை செய்யாது. 'பவரா' கேட்காதீர்கள்.
* மாத்திரை அட்டையைத் திருப்பிப் பாருங்கள். சிவப்புக் கோடு இருந்தால் டாக்டர் சொன்னாரா என்று யோசியுங்கள்.
* போன முறை மிச்சம் இருந்த மாத்திரையை எடுத்துப் போடாதீர்கள். பக்கத்து வீட்டுக்கும் கொடுக்காதீர்கள்.
* டாக்டர் எழுதியதை அவர் சொன்ன நாள் வரை சாப்பிடுங்கள். நடுவில் நிறுத்தத் தோன்றினால் அவரையே கேளுங்கள்.
* ஆடு, மாடு, கோழிக்கும் கால்நடை மருத்துவர் சொல்லாமல் ஆன்டிபயாட்டிக் வேண்டாம்.
* கை கழுவுவது, சுத்தமான குடிநீர், தடுப்பூசி. தொற்றே வராவிட்டால் மருந்தே தேவையில்லை.
* மூச்சுத் திணறல், விடாத காய்ச்சல், குழந்தை பால் குடிக்காமல் சோர்ந்து போவது... இதற்கெல்லாம் மெடிக்கலில் நிற்காமல் நேராக மருத்துவமனைக்குப் போங்கள்.

கறம்பக்குடியில் ஒருவருக்கு நிலைமை மோசமானால் புதுக்கோட்டைக்கோ தஞ்சாவூருக்கோதான் ஆம்புலன்ஸ் போகும். பிறந்த குழந்தைக்கு ரத்தத்தில் கிருமி, சிசேரியனுக்குப் பின் தொற்று, சர்க்கரை நோயாளியின் காலில் ஆறாத புண்... அங்கே டாக்டர் கையில் எடுக்கும் ஊசி வேலை செய்ய வேண்டும். அது வேலை செய்யுமா என்பது அந்த ஒருவர் முன்பு என்ன மாத்திரை போட்டார் என்பதை மட்டும் பொறுத்தது இல்லை. ஊரில் மற்றவர்கள் போட்டதையும் பொறுத்தது. ஏனென்றால் ஜீன் ஆள் பார்த்துத் தாவாது.

டிரான்ஸ்போசேஸ் தன் 14 எழுத்தையோ 19 எழுத்தையோ தேடிப் பிடித்து வெட்டி ஒட்டிக்கொண்டே இருக்கும். அதை நிறுத்த இன்றைக்கு மருந்து கிடையாது. அது கொண்டுவந்து போட்ட ஜீன் கூட்டத்தில் ஒன்றாக அடங்கிக் கிடக்குமா, இல்லை குடல் முழுக்கப் பெருகுமா என்பதில்தான் நம் பங்கு இருக்கிறது. அடுத்த முறை "உடம்புக்கு மருந்து பழகிடுச்சு" என்று யாராவது சொன்னால், பழகினது உடம்பு இல்லை என்று சொல்லுங்கள்.